யேமன் பச்சோந்தி கூண்டுக்குள் உயிர்ச்செடி: எதை வைக்கலாம், எப்படித் தயார் செய்வது?

கிளைநுனி:

வணக்கம். வெயில்டு எனப்படும் யேமன் பச்சோந்தி, ஆண், வயது 5 மாதம். நான்கு பக்கமும் வலை போட்ட கூண்டு, அளவு 60 × 60 × 120 செ.மீ. மேலே புற ஊதாக் கதிர் (யுவிபி) தரும் 6 சதவீத டி5 குழல்விளக்கு ஒன்று, வெயில் காய ஒரு குண்டு பல்பு. தானியங்கித் தெளிப்பான் நாளுக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் ஓடுகிறது.

இப்போது உள்ளே இருப்பது எல்லாம் பிளாஸ்டிக் கொடி. அதைக் கடித்து இழுக்கிறது. ஓர் இலையின் ஓரத்தில் ஒரு துண்டைக் காணோம். அதனால் உயிர்ச்செடிக்கு மாறப்போகிறேன். நர்சரியிலிருந்து வந்து வெளியே காத்திருப்பவை: மணி பிளான்ட் 2 தொட்டி, குடைச்செடி என்று விற்கிற ஷெஃப்லெரா 1, ஃபைகஸ் பெஞ்சமினா 1, செம்பருத்தி 1. செம்பருத்தித் தொட்டி மண்ணில் நீலப் பச்சை நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கின்றன.

இந்த இனம் இலையைத் தின்னும் என்பதால் இவற்றில் எது ஆபத்து? உள்ளே வைக்குமுன் எப்படிக் கழுவுவது, மண்ணை மாற்ற வேண்டுமா? இருக்கிற விளக்கே செடிக்குப் போதுமா? தெளிப்பான் நீரே செடிக்கும் போதுமா, தனியாக ஊற்ற வேண்டுமா?


வேர்முடிச்சு:

முதலில் பிளாஸ்டிக் கொடிகளை இன்றே எடுத்துவிடுங்கள். செடி தயாராகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். காணாமல் போன துண்டு வயிற்றுக்குள் போயிருக்கலாம். அடுத்த சில நாட்கள் எச்சத்தைக் கவனியுங்கள். எச்சம் வராமல் வயிறு உப்பினாலோ இரையை மறுத்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இடைப்பட்ட நாட்களில் மறைவுக்கு, தெரிந்த செடியிலிருந்து வெட்டிய இலைக்கிளைகளை நன்றாகக் கழுவி, தண்ணீர்ப் பாட்டிலில் செருகி வைக்கலாம். பாட்டில் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள்.

யேமன் பச்சோந்தி இலை தின்பது பசியால் மட்டுமல்ல, அதன் வழக்கமான உணவிலேயே இலைக்குப் பங்கு உண்டு. ஜாக்சன் இனமும் மடகாஸ்கரின் பேந்தர் இனமும் எப்போதாவது கொறிக்கும். இது தினமும் கடிக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "இந்தச் செடி நஞ்சா?" என்பதோடு நிற்காது. "ஒரு செடியில் பாதியைத் தின்றுவிட்டாலும் பச்சோந்திக்கு ஒன்றும் ஆகாதா, அதற்குப் பிறகு செடி பிழைக்குமா?" என்று கேட்க வேண்டும்.

உங்கள் நான்கையும் வரிசையாகச் சொல்கிறேன்.

மணி பிளான்ட்தான் அடித்தளம். மங்கிய ஒளியைப் பொறுக்கும், ஈரத்தைப் பொறுக்கும், கடித்த இடத்துக்குக் கீழே உள்ள கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும். அகன்ற மெழுகுப் பூச்சு இலை என்பதால் தெளித்த நீர் துளித்துளியாக நிற்கும். பச்சோந்தி கிண்ணத்து நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலையில் மினுங்கும் துளியைத்தான் நக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இது உள்ளே இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: இதய வடிவ இலையுள்ள கொடி ஃபிலோடெண்ட்ரானையும் சில நேரம் மணி பிளான்ட் என்றே கொடுத்துவிடுகிறார்கள். புதுத் தளிரைப் பாருங்கள். மெல்லிய உறை ஒன்றுக்குள்ளிருந்து தளிர் வெளிவந்து, அந்த உறை காய்ந்து உதிர்ந்தால் அது ஃபிலோடெண்ட்ரான். மணி பிளான்ட்டில் அப்படி உறை இருக்காது. இலை தடித்தும், காம்பின் மேல்பக்கம் வாய்க்கால் போல் குழிந்தும் இருக்கும்.

குடைச்செடி நடுமரமாக நிற்க ஏற்றது. குட்டை வகையான ஷெஃப்லெரா அர்போரிகோலாவைத்தான் சொல்கிறேன். தண்டு கட்டையாகும், கவாத்து செய்தால் பக்கக்கிளை விடும், வளர்ந்த ஆணின் எடையையும் தாங்கும். 70 முதல் 80 செ.மீ. உயரச் செடி உங்கள் கூண்டுக்குச் சரி.

செம்பருத்தியின் இலையும் பூவும் தாராளமாகத் தின்னக் கூடியவை. ஆனால் நல்ல ஒளி இல்லாமல் மொட்டு உதிர்ந்து, இலை மஞ்சளித்து, அசுவினிக்கு இரையாகும். நர்சரியில் அதிகம் மருந்து அடிக்கப்படும் செடிகளில் இதுவும் ஒன்று. அதனால் இதை வெளியே வளர்த்து, பூவையும் தளிரையும் பறித்துத் தருவதே என் பரிந்துரை. கூண்டுக்குள்தான் வேண்டும் என்றால் ஒரே மாதிரி இரண்டு வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று மாற்றுங்கள்.

ஃபைகஸ் பெஞ்சமினாவின் கிளை அமைப்பு ஏறி நடக்க அருமை. குறை இரண்டு. இடம் மாறினால் இலையைக் கொட்டும். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வரும். அது கண்ணிலோ வாயிலோ பட்டால் எரிச்சல் தரும். கொறிக்கிற பழக்கம் உள்ள இந்த இனத்துக்கு முதல் தேர்வாக நான் இதைச் சொல்வதில்லை. பேந்தர் வளர்ப்பவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

கூடுதலாகத் தேவைப்பட்டால் ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன், அரேக்கா பாம், பெப்பரோமியா ஆகியவை பாதுகாப்பானவை. ப்ரோமெலியாட் நஞ்சில்லை, ஆனால் அதன் குவளையில் தேங்கும் நீரில் எச்சம் விழுந்து அழுகும். வாரம் இருமுறை கவிழ்த்துக் கழுவ முடிந்தால் மட்டும் வையுங்கள்.

அரளி, மஞ்சள் அரளி, அடீனியம் மூன்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஊமத்தை, உன்னி, ஆமணக்கு, குன்றிமணி, டைஃபன்பேக்கியா, பால் வடியும் கள்ளி வகைகள், குரோட்டன் ஆகியவற்றையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஃபெர்ன் என்ற பெயரில் விற்கும் அஸ்பாரகஸ் ஃபெர்ன் உண்மையில் ஃபெர்ன் அல்ல. அதில் சிறு முள்ளும், தின்னக் கூடாத காயும் வரும்.


பந்தல்கொடி:

கழுவுவது பற்றி நான் சொல்கிறேன். அந்த நீலப் பச்சை உருண்டைகள் மெதுவாகக் கரையும் இரசாயன உரம். நசுக்கினால் உள்ளே ஈரமாக இருக்கும், வெளியே பிசின் ஓடு. வெள்ளையாகக் கனமில்லாமல் கிடப்பது பெர்லைட். இரண்டும் பச்சோந்தியின் வாய்க்கு எட்டக் கூடாது. மேலோட்டமாகப் பொறுக்கிப் பயனில்லை. வேர்ப்பந்து முழுவதும் கலந்திருக்கும்.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பெரிய வாளித் தண்ணீரில் வேர்ப்பந்தை அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு விரலால் மண்ணைத் தளர்த்தி, வாளியை இரண்டு மூன்று முறை மாற்றி, நீர் ஏறக்குறைய தெளியும்வரை அலசுங்கள். மணி பிளான்ட்டும் குடைச்செடியும் இதைத் தாங்கும். செம்பருத்தியிலும் ஃபைகஸிலும் நுண்வேர் அறுந்தால் செடி துவண்டுவிடும். அவற்றில் வெளிப்பக்க மண்ணையும் கண்ணில் படும் உருண்டைகளையும் மட்டும் எடுத்து, மேல்கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் குறையுங்கள். வேர் குறைந்த அளவுக்கு இலையும் குறைந்தால்தான் செடி சமாளிக்கும்.

அடுத்தது இலை. 1 லிட்டர் நீருக்கு வாசனையில்லாத மிதமான பாத்திரம் கழுவும் திரவம் 5 மி.லி. கலந்து, மென்துணியை நனைத்து, ஒவ்வோர் இலையையும் மேலும் கீழும் துடைத்து, ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். அடிப்பக்கம் முக்கியம், பூச்சி முட்டைகள் அங்கேதான் இருக்கும். இலை பளபளப்பாக, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் மெருகுத் திரவம் அடித்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு முறை கழுவ வேண்டும்.

இவ்வளவு செய்தும் போகாத ஒன்று உண்டு. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிமருந்தை வேர் உறிஞ்சி இலைச் சாற்றுக்குள் கொண்டுபோய்விடும். இலையைக் கழுவி அதை எடுக்க முடியாது. தொட்டியில் வளரும் மரவகைச் செடிகளில் பல மாதம் தங்கும். எந்த மருந்து அடித்தார்கள் என்று நர்சரியில் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் அடித்திருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மண் மாற்றிய பின் மற்ற செடிகளைக் குறைந்தது 6 முதல் 8 வாரம் வெளியே வையுங்கள். செம்பருத்திக்கு அதைவிட நீளமாக, பழைய இலைகள் உதிர்ந்து புதுத் தழை முழுவதும் வரும்வரை.

காத்திருக்க முடியாதவர்களுக்கு மணி பிளான்ட்டில் நல்ல வழி இருக்கிறது. மருந்து படாத வீட்டுச்செடியிலிருந்து 10 முதல் 15 செ.மீ. நீளத்தில், 2 அல்லது 3 கணுக்கள் இருக்கும்படி துண்டு எடுங்கள். ஒரு கணுவாவது நீருக்குள் இருக்க வேண்டும், இலை நீரில் படக் கூடாது. 4 நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினால் 2 முதல் 3 வாரத்தில் நடும் அளவுக்கு வேர்விடும். 15 செ.மீ. தொட்டியில் 6 அல்லது 8 துண்டு சேர்த்து நடுங்கள். ஒற்றைத் துண்டு ஒற்றைக் கொடியாகத்தான் ஓடும், புதர் கட்டாது.

மண்கலவைக்கு என் கணக்கு: தென்னை நார்த்தூள் 2 பங்கு, உரம் சேராத தோட்டமண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, நீர் வடிய ஆர்க்கிட்டுக்குப் போடும் மரப்பட்டைச் சில்லு 1 பங்கு. நார்த்தூளை முன்கூட்டியே நீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிடுங்கள். பச்சைச் சாணம், கோழி எரு, இரசாயன உரம் எதுவும் வேண்டாம்.

நட்ட பிறகு மண்ணை மூடுங்கள். பச்சோந்தி நாக்கை எறிந்து மண்மேல் ஓடும் பூச்சியைப் பிடித்தால், பூச்சியோடு ஒரு பிடி மண்ணும் வரும். இது தொடர்ந்தால் குடல் அடைக்கும். கண்ணாடியிழை வலைத்துணியை வட்டமாக வெட்டி, தண்டு நுழைய ஒரு கீறல் போட்டு மண்மேல் பரப்புங்கள். அதன்மேல் பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய கூழாங்கல், அதாவது 4 அல்லது 5 செ.மீ.க்குக் குறையாததை அடுக்குங்கள். சின்னச் சரளைக்கல் மண்ணைவிட ஆபத்து. அது அப்படியே உள்ளே போய்விடும். கல் மூடியபின்னும் மண்ணைத் தேடித் தேடித் தின்றால், இரைப்பூச்சிமேல் கால்சியத் தூள் தூவும் முறையில் குறை இருக்கிறதா என்று பாருங்கள். தாதுக் குறைவு அதற்கு ஒரு காரணமாகலாம்.


கிளைநுனி:

மிக்க நன்றி. பிளாஸ்டிக் எல்லாம் வெளியே வந்துவிட்டது. மண்ணை மாற்றுமுன்பே ஃபைகஸ் பாதி இலையைக் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா? அப்புறம் அந்த விளக்குக் கேள்வி. யுவிபி குழலே செடிக்கும் போதாதா?


துளிநீர்:

ஃபைகஸ் சாகவில்லை. நகத்தால் கிளையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. நர்சரி ஒளியிலிருந்து வீட்டு ஒளிக்கு வந்ததற்கு அது காட்டும் எதிர்வினை இது. ஓரிடத்தில் வைத்து நகர்த்தாமல் விடுங்கள். இலை குறைந்ததால் அது குடிக்கும் நீரும் குறையும். பழைய அளவே ஊற்றினால் அப்போதுதான் வேர் அழுகிச் சாகும். 3 அல்லது 4 வாரத்தில் துளிர்க்க ஆரம்பிக்கும்.

யுவிபி குழல் பச்சோந்திக்கு. செடி வளர அது போதாது. செடிக்கு 6500 கெல்வின் அளவுள்ள வெள்ளை ஒளி தனியாக வேண்டும். கூண்டின் முழு அகலத்துக்கும் ஓடும் டி5 குழல் இரண்டு, அல்லது செடி வளர்ப்புக்கான வெள்ளை எல்ஈடி பட்டை. ஊதா நிறத்தில் எரியும் வளர்ப்பு விளக்கு வேண்டாம். அந்த ஒளியில் பச்சோந்திக்கு இரை சரியாகத் தெரியாது, உங்களுக்கும் அதன் நிறமாற்றம் தெரியாது. எல்லா விளக்கும் நாளுக்கு 12 மணி நேரம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையட்டும்.

120 செ.மீ. உயரக் கூண்டில் மேலே போட்ட விளக்கின் ஒளி அடிவரைக்கும் போகாது, அதுவும் நடுவில் இலை அடர்ந்துவிட்டால். ஆகவே மேல்பாதியில் குடைச்செடியின் தலை, செம்பருத்தி வைத்தால் அதுவும். கீழ்ப்பாதியில் மணி பிளான்ட், ஃபெர்ன். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்து, மஞ்சள் வரி மறைந்து முழுப் பச்சையாகிறதென்றால் ஒளி போதவில்லை. உச்சி இலையில் மட்டும் வெளிறிய அல்லது பழுப்புத் திட்டு என்றால் சூட்டு பல்பு சுடுகிறது.

இனி நான் மற்ற எல்லாவற்றையும்விட வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. செடி வளரும், வளர்ந்தால் அது ஏணி. மேல்வலைக்கும் மிக உயர்ந்த இலை அல்லது கிளைக்கும் நடுவே 20 முதல் 25 செ.மீ. எப்போதும் காலியாக இருக்க வேண்டும். யுவிபி விளக்கை அமைக்கும்போது வெயில் காயும் கிளையில், அதன் முதுகு மட்டத்தில், யுவி குறியீடு (புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் அளவு) 3 வருமாறு தூரத்தைக் கணக்கிடுகிறோம். ஒரு தளிர் மேலே ஏறி வலையைத் தொட்டால் பச்சோந்தியும் அதன்வழி ஏறி, விளக்குக்குக் கீழே ஒட்டிக்கொண்டு தொங்கும். அங்கே அளவு பல மடங்கு. கண் வீங்கும், தோல் புண்ணாகும். சூட்டு பல்புக்கு நேர்கீழ் வலையில் பாதமே வெந்துபோகும். ஞாயிறு தோறும் கத்தரிக்கோலோடு உச்சியைப் பாருங்கள். ஃபைகஸை வெட்டினால் வெளியே கொண்டுபோய் வெட்டி, பால் நின்றபின் கழுவி, காய்ந்தபின் உள்ளே வையுங்கள்.

வெயில் காயும் கிளை மட்டும் இலையின்றித் திறந்திருக்கட்டும். அங்கே 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் போதும். அதன் பின்னாலும் பக்கவாட்டிலும், ஒரே எட்டில் நுழைந்து மறையும்படி அடர்ந்த தழை வேண்டும். நீங்கள் முன்னால் வந்து நின்றாலும் உங்கள் கண்ணில் படாமல் அதனால் உட்கார முடிய வேண்டும். மறைய இடமில்லாத பச்சோந்தி கறுத்த நிறத்தில், உண்ணாமல், கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் கூண்டில் ஏறக்குறைய பாதியளவு இடத்தைத் தழை நிரப்பினாலும் அதிகமில்லை. ஆனால் செடித்தண்டை மட்டும் நம்பாதீர்கள். 1 முதல் 2.5 செ.மீ. தடிமனில் உலர்ந்த மரக்கிளைகளைப் படுக்கைவாட்டில் வெவ்வேறு உயரத்தில் கட்டி, தழையினூடே ஓடவிடுங்கள். அது நடக்கும் பாதை கிளை, ஒளியும் இடம் செடி.

தொங்கும் தொட்டியை வலையில் மாட்டாதீர்கள். நனைந்த மண்ணோடு 15 செ.மீ. தொட்டியே ஒன்றரைக் கிலோவைத் தாண்டலாம். வலை சட்டத்திலிருந்து பிய்ந்துவிடும். சட்டத்தின் இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பி அல்லது கட்டையில் கட்டுங்கள்.

நீர் விஷயம். நாளுக்கு 15 நிமிடம் தெளித்தால் உங்கள் தொட்டிகள் சேறாகும். விளக்கு எரிவதற்குச் சற்று முன் 2 அல்லது 3 நிமிடம், விளக்கு அணைந்தபின் 2 அல்லது 3 நிமிடம் என்று குறையுங்கள். பகலில் குடிக்க வேண்டுமானால் இலைமேல் சொட்டும் சொட்டுக்குழாய் போதும், அதன் கீழே ஒரு கிண்ணம் வையுங்கள். இரண்டு தெளிப்புக்கு நடுவே இலை முழுதாகக் காய வேண்டும். சூடும் ஈரமும் அசையாத காற்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பச்சோந்திக்கு மூச்சுத்தொற்று, செடிக்கு இலைப்புள்ளி.

எந்தத் தொட்டிக்கு எவ்வளவு நீர் போகிறது என்று ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஒரு வெற்றுக் குவளை வைத்து ஒருமுறை தெளிப்பானை ஓட்டுங்கள். ஒன்றில் அரைக் குவளை, மற்றொன்றில் அடி நனையும் அளவு என்று இருக்கும். அரைக் குவளை விழும் இடத்தில் ஃபெர்ன். காய்ந்த மூலையில் இருப்பதற்குத்தான் தனியாக ஊற்ற வேண்டும். விரலை 3 அல்லது 4 செ.மீ. மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும். தொட்டியின் கீழ்த் தட்டை எடுத்துவிட்டு, துளையிட்ட பிளாஸ்டிக் மேடைமேல் ஏற்றுங்கள். நீர் கூண்டின் அடித்தட்டுக்கு வடிந்து வெளியேறட்டும். மணி பிளான்ட்டின் அடி இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளித்து, மண் புளித்த வாடை அடித்தால் வேரழுகல். எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டி, புது மண்ணில் நடுங்கள்.

இலைமேல் வெள்ளைப் படலம் படிந்தால் உங்கள் நீரில் உப்பு அதிகம். ஆர்.ஓ. நீருக்கு மாறினால் இலையும் சுத்தமாகும், தெளிப்பான் முனையும் அடைக்காது.


பசுந்தழை:

ஒரு சந்தேகம். செல்லப்பிராணிகளுக்கான நஞ்சுச்செடிப் பட்டியல் எல்லாவற்றிலும் மணி பிளான்ட் இருக்கிறதே. பூனை, நாய்க்கு ஆகாது என்கிறார்கள். தினமும் தின்னும் பிராணிக்கு அதையே முதல் செடியாகச் சொல்வது சரியா?


வேர்முடிச்சு:

சரியான கேள்வி. மணி பிளான்ட்டில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. பூனை, நாய், மனிதர் மென்றால் வாய் எரியும், எச்சில் வடியும். அதனால்தான் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல்கள் பாலூட்டிகளை வைத்து எழுதியவை. யேமன் பச்சோந்தி வளர்ப்பில் நெடுங்காலமாக மிக அதிகம் வைக்கப்படுவதும் தின்னப்படுவதும் இந்தச் செடிதான். வழக்கமான கொறிப்பால் தீங்கு என்பது அந்த அனுபவத்தில் எழவில்லை. அதே படிகமுள்ள டைஃபன்பேக்கியாவுக்கு இப்படி ஒரு அனுபவத் துணை இல்லை, அதன் எரிச்சலும் கடுமை. ஆகவே அதைத் தவிர்க்கிறோம்.

இருந்தாலும் மணி பிளான்ட் ஒன்றையே தீனியாக விடக் கூடாது. செம்பருத்தித் தளிர், பூ ஆகியவற்றை வாரம் இரண்டு மூன்று முறை கிளையில் கிளிப் போட்டு வையுங்கள். சுவையான இலை கிடைத்தால் மணி பிளான்ட்டைக் கடிப்பது தானாகக் குறைகிறது. இலை ஒரே இரவில் கந்தலானால் பச்சோந்தியைக் குற்றம் சொல்லுமுன் சுவர்க்கோழிகளைத் தேடுங்கள். பச்சோந்தி பகலில் ஓரத்திலிருந்து பிறை வடிவில் கடிக்கும். இலை நடுவில் ஒழுங்கற்ற ஓட்டை போடுவது தப்பி ஒளிந்த சுவர்க்கோழி. அவை தூங்கும் பச்சோந்தியையும் கடிக்கும். இரையைத் தீனிக்குவளையில் வைத்துக் கொடுத்து, மிஞ்சியதை விளக்கணையுமுன் எடுத்துவிடுங்கள்.


நீலவரி:

பெண் வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். யேமன் இனப் பெண், ஆணே இல்லாவிட்டாலும் முட்டை கட்டும். 5 அல்லது 6 மாத வயதிலேயே தொடங்கலாம். செடித்தொட்டி மண்ணைக் கல்லால் மூடிவிட்டால் அதற்குத் தோண்ட இடம் இருக்காது. முட்டையை அடக்கிக்கொண்டு உயிரே போகலாம். மூடாமல் விட்டாலும் வேர் பின்னிய தொட்டியில் சுரங்கம் தோண்ட முடியாது. எனவே 30 செ.மீ. நீளம், அகலம், ஆழம் உள்ள தனிப் பெட்டி ஒன்று கூண்டின் அடியில் நிரந்தரமாக இருக்கட்டும். கழுவிய மணலும் உரமில்லா மண்ணும் கலந்து நிரப்புங்கள். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. விரலால் குடைந்த ஓட்டை சரியாமல் இருக்க வேண்டும். பெட்டிக்கு முன்னால் தழை தொங்கவிட்டு மறைப்புக் கொடுங்கள். தோண்டும்போது யாராவது பார்த்தால் பாதியில் விட்டுவிடும். எப்படியோ கல்லை விலக்கிச் செடித்தொட்டியில் தோண்டத் தொடங்கிவிட்டால் அந்தச் சமயத்தில் தடுக்காதீர்கள். செடி போனால் போகட்டும்.


கிளைநுனி:

குடைச்செடியைக் கழுவும்போது தண்டுக்கும் காம்புக்கும் நடுவே வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தது. மணி பிளான்ட் மண்ணிலிருந்து கொசு மாதிரி சின்ன ஈக்களும் கிளம்புகின்றன. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?


பந்தல்கொடி:

பஞ்சு போல் இருப்பது மாவுப்பூச்சி. நல்லவேளை, வெளியிலேயே கண்டுபிடித்தீர்கள். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஒவ்வொரு திட்டையும் துடைத்தெடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து முழுச் செடியையும் நீரில் அலசுங்கள். முட்டை பொரிந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் 5 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவையாவது செய்ய வேண்டும். கடைசியாகப் பூச்சி கண்ட நாளிலிருந்து 2 வாரம் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே. செதில்பூச்சிக்கும் இதே முறை, ஆனால் முதலில் நகத்தால் சுரண்ட வேண்டும். செஞ்சிலந்தி என்றால் மருந்தே வேண்டாம். இலையின் அடியில் வேகமாக நீரைப் பீய்ச்சி 3 நாளுக்கு ஒருமுறை 3 வாரம் கழுவுங்கள். காய்ந்த காற்றில்தான் அது பெருகும். கூண்டுக்குள் தெளிப்பு ஓடுவதால் திரும்ப வருவது அரிது.

வேப்பெண்ணெயைக் கூண்டுக்குள் இருக்கும் செடிக்கு அடிக்காதீர்கள். இலையில் எண்ணெய்ப் படலமாக நிற்கும். அதே இலையைத்தான் நக்கவும் கடிக்கவும் போகிறது. அதோடு பூச்சியைக் கொல்லும் எதுவும் இரைப்பூச்சியையும் பாதிக்கும்.

ஈக்கள் பற்றிக் கவலை வேண்டாம், அவை பூஞ்சை ஈ. மண் ஓயாமல் ஈரமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். மேல்மண் 3 செ.மீ. காயும்வரை நீரை நிறுத்தினால் புழு செத்துவிடும். விடாமல் வந்தால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியாத் தூளை நீரில் கலந்து ஊற்றலாம். அது இந்த ஈ, கொசுப் புழுக்களைத்தான் தாக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி வெளியே இருக்கும்போது மட்டும் வையுங்கள். கூண்டுக்குள் ஒருபோதும் கூடாது. அதில் ஒட்டித் துடிக்கும் ஈயைப் பார்த்து நாக்கை எறிந்தால், நாக்கே அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.


துளிநீர்:

இன்னும் ஒரு சின்ன விஷயம். எல்லாச் செடியையும் ஒரே நாளில் உள்ளே வைக்காதீர்கள். முதலில் துண்டு வைத்து வேர்விட்ட மணி பிளான்ட்டும், பூச்சி தீர்ந்தபின் குடைச்செடியும் போகட்டும். ஒரு வாரம் கழித்து எந்த இலை வாடுகிறது, எது கடிபடுகிறது, அது இரவில் எங்கே தூங்குகிறது என்று பாருங்கள். தூங்கப் பிடித்த கிளையைக் கண்டுகொண்டால், அடுத்த செடிகளை அதைச் சுற்றி அடுக்கலாம். பிறகு வாரம் ஒருமுறை ஈரத்துணியால் எச்சக் கறையையும், தூவிய கால்சியத் தூளையும் இலையிலிருந்து துடையுங்கள். கறை படிந்த இலையில் நின்ற துளியைத்தான் மறுநாள் காலை குடிக்கும். துடைத்தபின் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். ஊர்வன எச்சத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.